பைப்படியில் நின்ற உறுப்பினர்

எங்கள் பிரதேச சபை முதியோருக்கு மதியச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கிய முதல் நாள், உறுப்பினர்கள் எல்லோரும் ஆளுக்கொரு அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். படம் எடுப்பவர் அந்தப் பக்கம்தான் இருந்தார். ஒருவர் சோறு அள்ளிப் போடுவார், அடுத்தவர் பருப்பு ஊற்றுவார், படம் சரியாக விழும்வரை கிழவர் தட்டை நீட்டியபடி நிற்க வேண்டும். ஒரேயோர் உறுப்பினர் மட்டும் மண்டபத்துக்குப் பின்னால், தட்டுக் கழுவுகிற பைப்படியில் நின்றார். முந்தானையை இழுத்துத் தலையை மூடி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, திரும்பி வருகிற தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உடம்புக்கு முடியவில்லையோ என்று நினைத்து நான் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். "குந்தினா பீங்கான் தெரியாது தம்பி" என்றார்.

பீங்கான் என்றால் அவருக்குச் சாப்பாட்டுத் தட்டு. மண்ணோ, தகரமோ, பிளாஸ்டிக்கோ, எல்லாம் பீங்கான்தான்.

நான் அந்தச் சபையில் எழுதுவினைஞர். பதவிப் பெயரை இப்போது முகாமைத்துவ உதவியாளர் என்று நீட்டியிருக்கிறார்கள், வேலை நீளவுமில்லை குறையவுமில்லை. கூட்டக் குறிப்பு எழுதுவது, சிங்களத்தில் வரும் தீர்மானத்தைத் தமிழாக்குவது, தமிழில் வரும் முறைப்பாட்டைச் சிங்களமாக்குவது. பைப்படியில் நின்ற அந்த உறுப்பினர் உக்குவளைப் பக்கத்து முஸ்லிம் பெண். அக்காவை ராத்தா என்று அவர்கள் வீட்டில் கூப்பிடுவார்கள், சபையிலும் சிங்களவர், தமிழர் என்று பாராமல் எல்லோரும் ராத்தா என்றே கூப்பிட்டோம். அவருடைய சொந்தப் பெயரை எழுத மாட்டேன், எழுத்தில் தன் பேர் வருவது அவருக்குப் பிடிக்காது. தேர்தலில் முகம் காட்டி வென்றவர் அல்ல. பெண்களுக்கு இத்தனை இடம் என்று சட்டம் வந்தபோது, கட்சிக்காரர்கள் பட்டியலை நிரப்ப ஆள் தேடி அலைந்தார்கள். கண்டி வீதிச் சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்த இவரிடம் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். முதுகுக்குப் பின்னால் அவரைப் பட்டியல்காரி என்றவர்களில் நானும் ஒருவன். இன்று அதை எழுதவே கூசுகிறது.

கலியாண வீடுகளுக்குச் சமைக்கப் போய்த்தான் அவருக்கு இந்தத் தட்டுப் பார்க்கும் பழக்கம் வந்திருக்க வேண்டும். அவர்கள் வழக்கப்படி விருந்தில் ஒரு பெரிய தாம்பாளத்தைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சேர்ந்து உண்பார்கள், அதற்குச் சஹன் என்று பெயர். "சஹன்ல ஆறு பேரு கை வெச்சா யாரு தின்னாங்கன்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். தனிப் பீங்கான்ல தின்னா எனக்கும் தெரியும்" என்பார்.

அது வெறும் பெருமைப் பேச்சு அல்ல. சபைக்கு வந்த முதல் மாதமே தேநீர் இடைவேளையில் சபைத் தலைவரான தவிசாளரின் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, இவருக்கு வலது பக்கக் கடைவாய்ப் பல் வலி என்று என் காதில் சொன்னார். ரொட்டியின் நடுவைத் தின்றுவிட்டுக் காய்ந்த ஓரத்தை மட்டும் வட்டமாக வைத்திருந்தாராம், தேநீரையும் ஒரு பக்கமாகவே உறிஞ்சினாராம். இரண்டு நாள் கழித்துத் தவிசாளர் கன்னம் வீங்கிப்போய் மாத்தளைக்குப் பல் பிடுங்கப் போனார். அதற்குப் பிறகு சபையில் பலர் தட்டைக் கையோடு கொண்டுபோய்த் தாங்களே கழுவத் தொடங்கினார்கள். சுத்தம் வந்தது என்று செயலாளர் சந்தோஷப்பட்டார். எங்களுக்கல்லவா காரணம் தெரியும்.

எப்போதும் சரியாகவே சொன்னார் என்றும் சொல்ல முடியாது. ஒரு நாள் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு கிழவர் சோற்றைத் தொடாமல் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார். இது நல்ல அறிகுறி இல்லை என்று ராத்தா பதறிப்போய், ஆட்டோ பிடித்து மருந்துச்சாலை நர்ஸ் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டார். மனுஷன் பக்கத்து வீட்டுத் தானச் சாப்பாட்டில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, எங்கள் மண்டபத்துக்கு அரட்டை அடிக்க மட்டும் வந்திருக்கிறார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த வாரமும் பைப்படியில்தான் நின்றார்.

வெள்ளிக்கிழமைக் கதையைச் சொல்லாவிட்டால் இவரைச் சொன்னதாகாது. எங்கள் சபை முதலில் அந்தச் சாப்பாட்டுக்கு வெள்ளிக்கிழமையைத்தான் குறித்தது. அன்று அலுவலகத்துக்கு அதிகம் பேர் வர மாட்டார்கள், மண்டபமும் சும்மா கிடக்கும் என்பது கணக்கு. முதல் சாப்பாடே தடபுடலாக இருக்கட்டும் என்று கோழிக்கறி. தமிழ்க் கிழவிகள் வெள்ளிக்கிழமை கவிச்சி தொட மாட்டார்கள். வேதக்காரர்களுக்கு அது தவக்காலம். முஸ்லிம் ஆண்கள் சோறு போடுகிற நேரத்தில் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். மூன்று வாரம் கோழி தட்டுத்தட்டாகத் திரும்பி வந்தது. முதியோருக்குக் கோழி பிடிக்கவில்லை என்று செயலாளர் அறிக்கை எழுதச் சொன்னார், நானும் நல்ல கையெழுத்தில் எழுதினேன். மூன்று சாதி சனமும் சேர்ந்து வாழ்கிற ஊரில், மூன்று சாதி சனமும் உட்கார்ந்திருந்த சபைதான் இந்த முடிவை எடுத்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

வெட்கக்கேடு என்னவென்றால், நாள் குறித்த கூட்டத்திலேயே ராத்தா கையைத் தூக்கி வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பட்டியலில் வந்தவர் பேச்சுத்தானே என்று நான் அதைக் குறிப்பில் எழுதவில்லை. மூன்றாம் வாரம் அவர் என்னைப் பைப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய், தட்டுகளை மூன்று வரிசையாக அடுக்கிக் காட்டினார். இது கோயில், இது சேர்ச், இது பள்ளிவாசலுக்குப் போயிட்டு வந்து ஆறின சோத்தக் கண்டவரு என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுத்த மாதம் சாப்பாடு புதன்கிழமைக்கு மாறியது, கோழியும் தட்டிலிருந்து காணாமல் போனது.

புதன்கிழமைச் சாப்பாடு நன்றாக நடக்கவே, அதை இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கும் விரிப்பதென்று சபை தீர்மானித்தது. அது நான் பிறந்த தோட்டம். என் அப்பா அங்கேதான் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் தனியாக இருந்தார். அம்மா போன பிறகு என்னோடு மாத்தளைக்கு வந்துவிடுங்கள் என்று கெஞ்சியும் வரவில்லை. டவுனில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க முடியாது என்று ஒரே பிடிவாதம். அதனால் அந்தத் தீர்மானத்தைத் தமிழாக்கியபோது என்னைவிடச் சந்தோஷப்பட்டவன் யாரும் இருந்திருக்க மாட்டான். வாரத்துக்கு ஒரு வேளையாவது அப்பா நல்ல சாப்பாடு சாப்பிடுவார் அல்லவா.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராதான் சாப்பாட்டு மண்டபம். அது கீழே, ரோட்டோரத்தில். லயங்கள் மேலே, படியேறிப் போக வேண்டும். முதல் சில வாரம் பலர் சோற்றை லஞ்ச் ஷீட்டில் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். சபைச் சாப்பாட்டைப் பேரப்பிள்ளைகளும் கோழிகளும் தின்கின்றன என்று ஓர் உறுப்பினர் சத்தம் போட்டார். உடனே ஒரு விதி எழுதும்படி எனக்கு உத்தரவு வந்தது. "உணவு வழங்கப்படும் இடத்திலேயே உட்கொள்ளப்படல் வேண்டும். எவ்விதத்திலும் வெளியே எடுத்துச் செல்லப்படலாகாது." இது என் கைவண்ணம். அந்த 'எவ்விதத்திலும்' என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. பெரிய எழுத்தில் அச்சடித்துப் பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒட்டினோம்.

ஒவ்வொரு புதன்கிழமையும் பின்னேரம் அப்பாவுக்குப் போன் எடுப்பேன். சாப்பிட்டேன் என்பார். என்ன கறி என்று கேட்டால் பருப்பு, கத்தரிக்காய், கருவாடு என்று ஒன்று விடாமல் ஒப்புவிப்பார். எனக்கு மனம் குளிர்ந்துவிடும். மாதம் ஒருமுறை நேரில் போனால் காலைப் போர்வையால் மூடி, கட்டிலில் உட்கார்ந்தபடி பேசிக்கொண்டிருப்பார். நான் இருக்கிற ஒன்றிரண்டு மணித்தியாலமும் அவர் எழும்பி நடக்கவே இல்லை என்பது என் கண்ணில் படவில்லை. பெற்ற பிள்ளை பார்த்த லட்சணம் அது.

அந்தச் சமயத்தில் இன்னொரு கவலை எல்லோரையும் பிடித்துக்கொண்டது. சபையின் காலம் முடியப்போகிறது, அடுத்த தேர்தல் எப்போதென்று யாருக்கும் தெரியவில்லை. சாப்பாடோ மாதாமாதம் சபை கையைத் தூக்கினால்தான் நடக்கும். தூக்கக் கையே இல்லாவிட்டால் அடுப்பு அணைந்துவிடும். சபை கலைவதற்குள் இதை உபவிதியாக்கி, மாகாணத்துக்கு அனுப்பி, அரசாங்க வர்த்தமானியில் வரச் செய்தால்தான் யார் வந்தாலும் போனாலும் சாப்பாடு நிற்காது. அந்த வரைவையும் நானே எழுதினேன். சுவரில் இருந்த வரிகளை அப்படியே தூக்கி உள்ளே வைத்தேன்.

வரைவு சபைக்கு வர இரண்டு வாரம் இருந்தபோது ராத்தா தோட்டத்துக்கு வந்தார். அன்று முருங்கைக்காய்க் கறி வைக்கும்படி சமைக்கிற பெண்களிடம் அவரே சொல்லியிருந்தார். சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போலப் பைப்படிக்குப் போனார், பிந்தி வந்து சேர்ந்த நானும் போனேன். அப்பா சாப்பிட்டுவிட்டு மேலே போயிருப்பார் என்று நினைத்தேன். தட்டுகளின் ஓரத்தில் மென்று துப்பிய முருங்கைச் சக்கை குவிந்திருந்தது. ஏழெட்டுத் தட்டுகள் மட்டும் துடைத்த மாதிரி இருந்தன. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று நான் மெச்சினேன்.

"முருங்கக்காய எந்த மனுசன் தம்பி சக்கையோட முழுங்குவான்?" என்றார் ராத்தா. "இது வயித்துக்குப் போகல்ல. பேக்குக்குப் போயீக்குது."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. என் விதியை என் தோட்டத்து ஆட்களே மீறுவதா? வாசலில் நின்று பைகளைச் சோதிக்கிறேன் என்று கிளம்பினேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார். பையைத் திறந்தால் வெட்கப்படுவார்கள், பின்னாலே போய்ப் பார்ப்போம் என்றார்.

துடைத்த தட்டை வைத்துவிட்டுப் போனவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்துக் காம்பராச் சின்னம்மா. நான் தவழ்ந்த காலத்திலிருந்து என்னைத் தெரியும். முந்தானைக்குள் எதையோ அணைத்துக்கொண்டு, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி ஏறினார். நாங்கள் சற்றுத் தள்ளி ஏறினோம். அவர் தன் கதவைத் திறக்கவில்லை. அதைக் கடந்து போய் என் அப்பாவின் கதவைத் திறந்தார்.

நான் உள்ளே போனபோது அப்பா கட்டிலில் இருந்தார். வலது கால் முழங்காலிலிருந்து பாதம்வரை வீங்கி, துணி சுற்றியிருந்தது. மடியில் சொப்பிங் பேக். அதற்குள் ஆறிப்போன சோறு, பருப்பு, இரண்டு துண்டு முருங்கைக்காய். என்னைக் கண்டதும் அப்பா அதைப் போர்வைக்குள் தள்ளப் பார்த்தார். சின்னம்மா எனக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"ஏந் தட்டுல உள்ளதுதான் தம்பி. ரெண்டு பேருக்கு நான் வாங்கல. எம் பங்குல பாதிதான்" என்றார். எனக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னார்.

மழை நாளில் வழுக்கி விழுந்து இரண்டு மாதமாக அப்பா படி இறங்கவில்லை. எனக்குச் சொன்னால் மாத்தளைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று லயமே சேர்ந்து மறைத்திருக்கிறது. போனில் ஒப்புவித்த கறியெல்லாம் உண்மைதான். அந்தக் கிழவி தன் வயிற்றைப் பாதியாக்கிக் கொண்டுவந்து கொடுத்த கறி. அதைத்தான் எவ்விதத்திலும் வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்று நான் எழுதி ஒட்டியிருந்தேன். தலை குனிந்து நின்றேன்.

ராத்தா என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. கட்டிலுக்கு முன்னால் இருந்த பலகையில் உட்கார்ந்து, விருந்து வீட்டில் கேட்பது போல அப்பாவைக் கேட்டார்.

"கறிக்கு உப்புக் கூடிட்டுதா?"

அப்பா போர்வையை மெல்ல விலக்கினார். "இல்லைங்க, சரியா இருக்குங்க. காய்தான் கொஞ்சம் முத்தல்" என்றார். பிறகு எங்கள் முன்னாலேயே சாப்பிட்டார்.

அப்பாவைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப்போட வைத்தேன். எலும்பு உடையவில்லை என்றார்கள். மாத்தளைக்கு வாருங்கள் என்ற பேச்சை மட்டும் நான் எடுக்கவில்லை. ராத்தா தோட்டத்தில் மற்றப் பைகள் போன வழியையும் விசாரித்திருந்தார். ஒவ்வொரு பையும் படி இறங்க முடியாத ஒருவரிடம்தான் போயிருந்தது. பேரனுமில்லை, கோழியுமில்லை. உபவிதியில் அந்த வரி அப்படியே போனால் இவர்கள் பட்டினி, வரியைப் பற்றிச் சண்டை பிடித்து வரைவே தள்ளிப்போனால் எல்லோரும் பட்டினி. கூட்டத்துக்கு முதல் நாள் ராத்தா என் மேசைக்கு வந்து, "ஒங்க வாப்பாட பேரு சபையில வராது தம்பி, பயப்புடாதீங்க" என்றார். நான் அதைத்தான் கேட்கத் தவித்துக்கொண்டிருந்தேன். எப்படித் தெரிந்ததோ.

கூட்டத்துக்கு அவர் இரண்டு தட்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். ஒன்றில் முருங்கைச் சக்கை, மற்றது துடைத்தது. தவிசாளரின் மேசையில் இரண்டையும் வைத்ததும் சபை சிரித்தது. இதில் எது சாப்பிட்ட தட்டு என்று கேட்டார். காலித் தட்டுத்தான் என்றார்கள். கேட்டவர் சமையல்காரி, சொன்னவர்கள் பெண்சாதி கையால் சாப்பிடுகிறவர்கள், பின்னே எப்படித் தெரியும். அவர் விளக்கியதும் சிரிப்பு அடங்கியது. முன்பு சத்தம் போட்ட உறுப்பினர் எழும்பி, அப்படியானால் திருட்டு நடக்கிறது, சாப்பாட்டையே நிறுத்த வேண்டும் என்றார்.

ராத்தா சிங்களத்தில்தான் பேசினார். நான் குறிப்பில் தமிழில் எழுதியது இது. இந்த முறை ஒரு சொல்லையும் விடவில்லை. "பசிச்ச மனுசி தன் பங்கில் பாதியை எடுத்துக்கொண்டு, முழங்கால் நோவோடு படியேறிப் போய், நடக்க முடியாதவருக்குக் கொடுக்கிறாள். நாங்கள் மாதாமாதம் கூட்டம் போட்டுச் செய்ய நினைத்த வேலை இதுதான். அவள் ஒரு பையில் செய்துவிட்டாள். அவளுக்கு ஒரு பையும் இன்னொரு பங்குச் சோறும் கொடுங்கள்."

தவிசாளர் முருங்கைச் சக்கைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இந்த வரியை இப்போதே மாற்றி எழுத முடியுமா என்று கேட்டார். வர இயலாதவர்களுக்கு அவர்கள் வசிக்கும் இடத்துக்கே உணவு கொண்டுசெல்லப்படல் வேண்டும், கொண்டுசெல்பவருக்கும் ஒரு பங்கு உண்டு என்று அங்கேயே எழுதினேன். கைகள் உயர்ந்தன. சத்தம் போட்டவர் தூக்கவில்லை, எதிர்க்கவுமில்லை, குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாகாணத்திலிருந்து பதில் வரும்வரை நான் பட்ட பாடு நாய் படாது. தினமும் தபால் பையை நானே பிரித்தேன். சபை கலைய இரண்டு வாரம் இருக்கும்போது வர்த்தமானி வந்தது. ராத்தாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். கண்ணாடி கொண்டுவரல்ல, நீங்களே வாசிங்க என்றார். வாசித்தேன். "நல்லம்" என்று மட்டும் சொன்னார். சபை கலைந்ததும் இடியப்பத் தட்டுகளை யாருக்கோ கொடுத்துவிட்டு, மகளோடு இருக்க அக்குறணைக்குப் போய்விட்டார். இனி எந்தப் பட்டியலிலும் தன் பேரைப் போட வேண்டாம் என்று கட்சிக்காரர்களுக்கும் சொல்லியனுப்பினார்.

அதே வாரம் செயலாளரும் மாறினார். புதியவர் வந்ததும் கோப்புகளைப் புரட்டி, இந்தச் சாப்பாட்டை யார் நடத்துகிறார்கள் என்று கேட்டார். சபை என்றேன். சபைதான் இல்லையே, புதிய சபை வரும்வரை நிறுத்தி வையுங்கள் என்று பேனாவைத் திறந்தார். வர்த்தமானியை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். இரண்டு தரம் வாசித்தார். இது சட்டமல்லவா, நிறுத்த எனக்கு அதிகாரமில்லையே என்று பேனாவை மூடினார்.

மூடினார்தான், ஆனாலும் புதன்கிழமை மதியம்வரை எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த வாரம் முழுக்கவே ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. ஒரு மணிக்கு அப்பாவுக்குப் போன் எடுத்தேன். வெகுநேரம் அடித்து, நிற்கப் போகிற நேரத்தில் எடுத்தார்.

"சாப்பாடு வந்துச்சாப்பா?"

"வந்துச்சு. சுடச்சுடச் சாப்புட்டுக்கிட்டு இருக்கேன். சின்னம்மாவும் இங்கதான் சாப்புடுது. பொறகு பேசு." வைத்துவிட்டார்.

இந்தச் சேதியைச் சொல்ல அக்குறணைக்கு எடுத்தேன். முழுவதையும் சொல்ல ராத்தா விடவில்லை. அப்பா சாப்பிடுகிறார் என்ற இடத்திலேயே அவருக்குப் போதுமாயிருந்தது. "நானும் தின்னப் போற நேரம் தம்பி, நீங்களும் போய்த் தின்னுங்க" என்று அவரும் வைத்துவிட்டார்.

எனக்கு நல்ல பசி எடுத்தது.